இரண்டு முறை தட்டவும்

மன்றத்துச் சுவரில் அக்காவின் படத்துக்குக் கீழே எழுதி மாட்டியிருப்பதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எனக்கு எரிச்சலே அதில்தான். தன்னலம் கருதாதவர், தனித்து வாழும் முதியவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் உணவு சுமந்தவர், குடும்பத்துக்கும் ஊருக்கும் தாயாக விளங்கியவர் என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மை. பொய்யாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை. என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. நான் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோதே மொத்தக் குடும்பமும் அவள் தலையில்தான் இருந்தது. மாமியார் படுத்த படுக்கை. அவள் கணவர், எனக்கு மூத்தார், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். கிரீஸ் கையோடு வந்து படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். ஒரு மகள், ஒரு மகன். இவ்வளவு பேருக்கும் துவைத்து, சமைத்து, மாமியாருக்குப் புண் வராமல் புரட்டிப் போட்டு, காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்தாள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அடுப்போரம் நின்றபடி, இடது கையில் தட்டை ஏந்திக்கொண்டு, ஒரு கண் கொதிக்கிற பாத்திரத்தின் மேல் இருக்க, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள்.

"உக்காந்து சாப்பிடுங்கக்கா" என்று வந்த புதிதில் சொல்லிப் பார்த்தேன்.

"உக்காந்தா மறுபடி எந்திரிக்கணும். அது வேற ஒரு வேலை" என்றாள்.

மேல்மாடியில் ஒரு தையல்காரர் குடியிருந்தார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்குச் சமைக்கத் தெரியவில்லை. தினமும் எதையாவது தீய்ப்பார், அந்த வாடை படியிறங்கி எங்கள் வீட்டுக்கு வரும். பொறுக்க முடியாமல் அக்கா ஒரு கேரியரில் சோறும் காயும் வைத்து அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த கட்டடத்தில் தனியாக இருந்த ஒரு கிழவி இதைக் கேள்விப்பட்டு, எனக்கும் கொடு என்று ஆள் அனுப்பினாள். ஒன்று இரண்டாகி, இரண்டு இருபதாகி, கடைசியில் தெருக்கோடியில் இருந்த மன்றத்துக்காரர்கள் தங்கள் கட்டடத்தின் கீழ்த்தளச் சமையலறையைத் திறந்துவிட்டார்கள். சமைக்க ஆள் வந்தது, சுமக்க ஆள் வந்தது, யாரும் சம்பளம் கேட்கவில்லை. ஊரே அவளைக் கேரியரக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது. நான் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். பேச வேண்டிய அவசியம் இல்லாத இடம் அது ஒன்றுதான்.

அந்த நாட்களில் அக்காவும் மனுஷி மாதிரிதான் இருந்தாள். கேரியரைக் கொடுத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவாள். பாழாய்ப்போன மழைநாள் ஒன்றில் எல்லாம் மாறியது. தையல்காரர் அன்று இறந்துபோன மனைவியின் துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு அழுதிருக்கிறார். ஒவ்வொன்றும் அவர் கையால் தைத்தது. இதற்குக் கழுத்து சரியாக வரவில்லை, இதை அவள் ஒரே ஒரு முறைதான் போட்டாள் என்று சொல்லிச் சொல்லி அழ, அக்கா அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். பையில் இன்னும் கேரியர்கள் இருந்தன.

அதில் ஒன்று தெருவின் கடைசி வீட்டுச் சர்க்கரைக்கார அம்மாவுக்கு உரியது. அந்த அம்மா நேரம் பார்த்து ஊசி போட்டுக்கொண்டு சாப்பாட்டுக்குக் காத்திருப்பார். அன்றும் ஊசி போட்டுக்கொண்டார். சாப்பாடு வரவில்லை. அக்கா போய்ச் சேர்ந்தபோது அவர் கதவுக்கு உள்ளே விழுந்து கிடந்தார். ஆஸ்பத்திரியில் கண்ணே திறக்காமல் போய்விட்டார்.

அந்த அம்மா உயிரோடு இருந்தவரை எட்டிக்கூடப் பார்க்காத மகன்கள் மூன்று பேரும் மன்றத்துக்கு வந்து நின்றார்கள். பெரியவன் அக்காவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினான்.

"சோறு போடுறேன்னு சொல்லி எங்கம்மாவைக் கொன்னுட்டியே. எங்க உக்காந்து கதை பேசிட்டிருந்த?"

அக்கா பதில் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் உன் அம்மாவுக்கு யாருடா சோறு போட்டது என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கலாம். நான் வாயைத் திறந்தேன், அவள் கையைக் காட்டி அடக்கிவிட்டாள். மறுநாள் காலையில் சமையலறைச் சுவரில் ஒரு அட்டை தொங்கியது. அக்காவின் கையெழுத்து, குண்டு குண்டாக.

வாசலிலேயே நிற்கவும். உட்காரக் கூடாது.

இரண்டு முறை தட்டவும். திறக்காவிட்டால் கைப்பிடியில் மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகவும்.

நேற்றைய கேரியரை எடுத்து வரவும். ஏன் சாப்பிடவில்லை என்று விசாரிக்கக் கூடாது.

கிளம்பிய பிறகு கூப்பிட்டால் திரும்பக் கூடாது.

கடைசி வரியைப் பார்த்து நானே கேட்டேன். "இது என்னக்கா, இவ்வளவு கல்நெஞ்சா?"

"கூப்பிடுவாங்க. அவங்களுக்கு வேற யாரு இருக்கா? ஒரு நாள் திரும்பினா தினமும் கூப்பிடுவாங்க. இந்தப் பக்கம் ஒருத்தர் ஊசி போட்டுட்டு உக்காந்திருப்பாங்க" என்றாள்.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அந்த அட்டை வந்த பிறகு ஒரு கேரியர்கூடத் தாமதமாகப் போனதில்லை.

தையல்காரர்தான் பாவம். மறுநாள் வாசலுக்கு உள்ளே ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். வெட்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு அதற்கு ஒரு மெத்தையும் தைத்திருந்தார். அக்கா நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடி கேரியரை நீட்டினாள். அடுத்த நாள் நாற்காலி நிலைப்படிக்கு வந்தது. அதற்கும் அடுத்த நாள் வெளியே நடைக்கே வந்துவிட்டது, உட்காருவதற்கு உள்ளே வரவேண்டிய தொல்லைகூட இல்லாமல்.

"வழியில கிடக்குதுங்க. யாராவது தடுக்கி விழுவாங்க" என்றாள் அக்கா.

அவர் நாற்காலியை உள்ளே இழுத்துக்கொண்டார். அதன் பிறகு கதவையும் திறக்கவில்லை. இரண்டு தட்டு தட்டி, கைப்பிடியில் மாட்டிவிட்டு வருவாள். அவர் செத்த அன்று நானும் கூடப் போனேன். நாற்காலி கதவைப் பார்த்தபடி இருந்தது. அக்கா அந்த மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்ல தையல்" என்றாள். அவ்வளவுதான்.

சுமக்கிறவர்களில் சிரிப்புக்காரி என்று ஒருத்தி இருந்தாள். வாய் ஓயாது. எந்தக் கிழவருக்கு எந்தப் பேரன் மேல் பிரியம், எந்தக் கிழவி யாரோடு பேச்சை விட்டாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளுடைய வீடுகளிலிருந்து மட்டும் கேரியர்கள் வழித்துத் துடைத்தாற்போல் காலியாகத் திரும்பும். கழுவுகிறவள் எனக்குத் தெரியாதா? ஒரு நாள் அவள் ஒரு கிழவரின் கட்டிலில் உட்கார்ந்து அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்ததை அக்கா பார்த்துவிட்டாள். எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைத்துக் கண்டித்தாள்.

"உனக்குப் புண்ணியம் வேணும்னா வேற இடம் பாத்துக்க. இங்க சோறு குடுக்குறோம். அவ்வளவுதான்."

சிரிப்புக்காரி அன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் போனாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அந்தப் பொண்ணு எங்கே, அந்தப் பொண்ணு எங்கே என்று கிழங்கள் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தன. விசாரித்தால் பதில் சொல்லலாமா கூடாதா என்பது அட்டையில் இல்லை. அதனால் யாரும் சொல்லவில்லை.

வீட்டிலும் அதே சட்டம்தான். மூத்தாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அக்கா அவரைப் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்துக்கொள்ள முடியாது. கடைசிவரை அவர் முதுகில் ஒரு சிவப்புத் தழும்புகூட இல்லை. ஆனால் ஊட்டுவதும் நின்றபடி, துடைப்பதும் நின்றபடி. நல்ல கையால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, குழறிய வாயால், "கொஞ்சம் உக்காரேன்" என்பார். அவள் விரல் விரலாகப் பிரித்து எடுத்துவிட்டுப் போவாள். முரட்டுத்தனமாக இல்லை. துணியில் ஒட்டிய முள்ளை எடுப்பாளே, அந்த மாதிரி.

அவர் உயிர் பிரிந்ததும் கேரியர் போகிற மத்தியான நேரத்தில்தான். அவள் கேரியர் கொடுத்துவிட்டு வந்தாள், பையை ஆணியில் மாட்டினாள், கை கழுவினாள், வந்து அவர் கண்ணை மூடிவிட்டாள். கட்டிலருகே இருந்த மகள் சொன்னாள்.

"அப்பா உன்னைக் கூப்பிட்டாரும்மா. ரெண்டு தடவை."

"நீ இருந்தல்ல?"

"என்னைக் கூப்பிடலம்மா."

அதற்குப் பிறகு மகள் அம்மாவிடம் பேசியதெல்லாம் கணக்காகப் பேசியதுதான். ஊரின் மறுகோடியில் கட்டிக்கொண்டு போனாள். மாதத்துக்கு ஒரு முறை வருவாள், தோளில் பை தொங்க, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நிற்பாள். உள்ளே வாடி என்றால், "நேரமில்லம்மா" என்பாள். குரலும் அப்படியே அக்கா குரல். மகன் போனில் மட்டும் வருவான். இருந்த வீட்டை விற்றுப் பங்கு பிரித்தபோது, அக்கா மன்றத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒற்றை அறை பார்த்துக்கொண்டாள். எங்களோடு வா என்று மகனும் அழைக்கவில்லை, மகளும் அழைக்கவில்லை. நான் அழைத்தேன். "உன் வீட்டுல இருந்து சமையலறைக்கு ரெண்டு பஸ் மாறணும்" என்றாள்.

மூட்டு தேய்ந்து, ஒரு நாள் ஒரு வீட்டுப் படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. அன்றோடு சுமப்பது நின்றது. மன்றம் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. விழா எடுத்தார்கள். பழைய அட்டையைக் கழற்றிவிட்டு, அதே நான்கு விதிகளைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் பெரிய எழுத்தில் போட்டு, மேலே அவள் படத்தையும் மாட்டினார்கள். தலைவர், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இந்த விதிகள் உள்ளவரை அம்மா நம்மோடு இருப்பார் என்று பேசினார். அக்காவுக்குச் சந்தோஷம்தான். என் காதில் விழாது என்று நினைத்து, "கண்ணாடி நல்ல கண்ணாடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த நாளிலிருந்து அவளுக்கும் ஒரு கேரியர் போனது. நீலப் புள்ளி வைத்த கேரியர். எடுத்துப் போனவர் பட்டாளத்தார்.

பட்டாளத்தாரைப் பற்றி ஒரு வார்த்தை. ராணுவத்திலிருந்து வந்தவர், நல்ல மனுஷர், சொன்ன சொல் தவறாதவர். சமையலறைக்குள் நுழைந்ததும் கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்து ஒரு நொடி விறைப்பாக நிற்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

முதல் நாள் அவர் போய்த் தட்டியபோது அக்கா கட்டிலிலிருந்து எழுந்துகொண்டிருந்தாள். இரண்டு முறை தட்டினார், கைப்பிடியில் மாட்டினார், போய்விட்டார். அவள் கதவைத் திறந்தபோது படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாம் நாளும் அப்படியே. மூட்டு எழுந்து நிற்பதற்குள் மனிதர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். அதனால் அக்கா ஒரு நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, காலையிலிருந்தே அதில் காத்திருக்க ஆரம்பித்தாள். எதிரில் இன்னொரு நாற்காலியும் போட்டாள். அதை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது பார்த்தேன். அதன் மேல் ஒரு மெத்தைகூட இருந்தது, கடையில் வாங்கியது.

ஞாயிறுகளில் நான் போய் உட்காருவேன், ஊர்க்கதை பேசுவேன். ஆனால் அவளுக்கு வேண்டியது அது இல்லை. மத்தியானம், கேரியரைத் திறக்கும்போது, எதிரில் ஒரு ஆள் வேண்டும். அந்த நேரத்தில் நான் மன்றத்துத் தொட்டியில் முழங்கை வரை நனைந்துகொண்டிருப்பேன். வாழ்நாள் முழுக்க நின்றபடி சாப்பிட்டவளுக்கு, கடைசியில் உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைத்தபோது, தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. அவளே சொன்னாள். "வாயில வெச்சா மண்ணு மாதிரி இருக்கு. யாராவது முன்னால இருந்தா நாலு வாய் போகும்."

"பட்டாளத்தாரை உக்காரச் சொல்லுங்க" என்றேன்.

சொல்லித்தான் பார்த்திருக்கிறாள். அதை அவரே என்னிடம் வந்து சொன்னார், பெருமையாக.

"உக்காருங்க தம்பின்னாங்க. இல்லீங்கம்மா, ரூல்னேன். ரூல் நான் போட்டதுதானேன்னாங்க. அதனாலதாங்கம்மான்னேன்."

பிறகு அக்கா தந்திரம் செய்ய ஆரம்பித்தாள். கேரியர் மூடி திறக்கவில்லை என்பாள். அவர் நின்றபடியே திறந்து கொடுப்பார். வாசல் பல்பு எரியவில்லை என்பாள், மாட்டிக் கொடுப்பார். மாத்திரைச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பாள். விறைப்பாக நின்று உரக்கப் படித்துவிட்டுப் போவார். எல்லாம் தீர்ந்த பிறகு, அவர் படியிறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட ஆரம்பித்தாள். "தம்பி, ஒரு நிமிஷம். தம்பி." தினமும். அவர் ஒரு நாளும் திரும்பவில்லை.

"அம்மா என்னைச் சோதிக்கிறாங்க" என்று தொட்டியருகே நின்று என்னிடம் ரகசியம் போலச் சொன்னார். "நான் நிக்கிறேனா, அசையிறேனான்னு பாக்குறாங்க. என்கிட்ட நடக்காது."

"அவங்க சோதிக்கல. அவங்களுக்குத் துணை வேணும்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மாவுக்கா?" என்றார். நான் அக்காவை அவமானப்படுத்திவிட்ட மாதிரி ஒரு பார்வை.

அக்காவைக் கூட்டிக்கொண்டு மன்றத்துக் கூட்டத்துக்குப் போனேன். இரண்டு பேர் தாங்கி மாடிப்படி ஏற்றினார்கள். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"ரூலைக் கொஞ்சம் மாத்தலாம்னு தோணுது. சாப்பிடுற வரைக்கும் எதிர்ல உக்காந்தா நல்லாயிருக்கும். சில பேர் கேக்குறாங்க."

"யாரு கேக்குறாங்கன்னு சொல்லுங்கம்மா, நாங்க பேசிப் பாக்குறோம்" என்றார் தலைவர்.

அக்கா வாயைத் திறந்தாள். நான்தான் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்குப் பதிலாக நான் சொல்லிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். மேசைக்குக் கீழே என் மணிக்கட்டைப் பிடித்தாள் பாருங்கள், கேரியர் தூக்கித் தூக்கிக் காய்த்த கை, உடும்புப்பிடி. சொன்னால் உன்னை மன்னிக்க மாட்டேன் என்று பொருள்.

"பேர் ஞாபகம் இல்ல" என்றாள்.

தலைவர் உருகிப்போனார். தான் போட்ட விதியைத் தானே தளர்த்திக்கொள்ள முன்வருகிற பெருந்தன்மை யாருக்கு வரும் என்றார். சர்க்கரைக்கார அம்மா கதையை எடுத்துச் சொன்னார். அந்தத் தியாகத்தில் பிறந்த விதியை ஒரு எழுத்துகூட மாற்ற மாட்டோம், இது நாங்கள் அம்மாவுக்குச் செய்யும் மரியாதை என்றார். பட்டாளத்தார் முதல் ஆளாகக் கை உயர்த்தினார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அக்காவும் உயர்த்தினாள். வேறு என்ன செய்வாள்?

திரும்பும்போது படியில் நான் பொரிந்து தள்ளினேன். "வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு? நாந்தான்னு சொன்னா என்னக்கா?"

"அந்தச் சட்டத்துல என் போட்டோ இருக்குடி" என்றாள்.

அடுத்த வாரம் என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. பாத்திரம் கழுவி முடித்த கையோடு தினமும் ஆஸ்பத்திரிக்கு ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் திரும்பி வந்த கேரியர்களை வரிசையாகத் தொட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தபோது நீலப் புள்ளி கைக்குக் கனத்தது. திறந்தேன். சோறு அப்படியே இருந்தது. மேலே போட்ட முட்டைகூடக் கலையவில்லை. ஒரு நாள் பழைய வாடை அடித்தது.

பட்டாளத்தார் கைகழுவிக்கொண்டிருந்தார்.

"இது நேத்துக் கொடுத்ததா?"

"ஆமாங்க. கைப்பிடியிலேயே இருந்துச்சு. எடுத்துட்டு இன்னிக்கு உள்ளதை மாட்டிட்டு வந்தேன்."

"முழுசா இருக்கே. ஏன்னு கேக்கலையா?"

அவர் சுவரைப் பார்த்தார். மூன்றாவது விதி. நான் ஈரக் கையோடு ஓடினேன். அந்த வயதில் நான் அப்படி ஓடியிருக்கிறேன் என்றால் என் மகளே நம்பவில்லை.

கீழ்வீட்டுக்காரரிடம் மாற்றுச் சாவி இருந்தது. கதவு கொஞ்சம் திறந்து எதிலோ இடித்து நின்றது. மெத்தை போட்ட நாற்காலி கவிழ்ந்து கிடந்தது, அதற்குப் பின்னால் அக்கா. இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. உடம்பெல்லாம் ஈரம், உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது. முதல் நாள், அவர் வரும் நேரம் என்று நாற்காலியைச் சரியாகத் திருப்பப் போனவள் தடுக்கி விழுந்திருக்கிறாள்.

துணியைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்தேன். "அவர் வந்தாரே அக்கா. கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டேன்" என்றாள். குரல் வெறும் காற்றாக வந்தது. "நேத்தும் கூப்பிட்டேன். இன்னிக்கும் கூப்பிட்டேன். ரெண்டு தடவை தட்டினாரு. போயிட்டாரு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "ஒரு படிகூட நிக்கல. சரியான ஆளு."

அதைக் கேட்டு எனக்கு அழுகை வரவில்லை. அறையலாம் போல் வந்தது.

ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். மகன் வந்து டாக்டரோடு நின்று பேசிவிட்டுப் போனான். மகள் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். தோளில் பை. அக்கா அவளை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உக்காரும்மா" என்றாள்.

மகள் பையைக் கழற்றவில்லை. கழற்றப் போனாளோ என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது, தோளைத்தான் சரிசெய்துகொண்டாள். "நாளைக்கு வரேம்மா" என்றாள். அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது. அக்கா பின்னாலிருந்து கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

மத்தியானம் கஞ்சி வந்தது. நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். ஒரு ஸ்பூன் கொடுத்தேன், விழுங்கினாள். இன்னொன்று கொடுத்தேன். பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். புருவம் நெரிந்தது, பழைய கண்டிப்போடு.

"நீ இங்க உக்காந்துட்டா, கேரியரெல்லாம் யார் கழுவுறது?"

"கழுவுறவங்க கழுவட்டும்" என்றேன். நகரவில்லை. அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மூன்றாவது ஸ்பூனை வாங்கவே இல்லை. எதிரில் ஒரு ஆளுக்காக அத்தனை நாள் காத்திருந்தவள், ஆள் வந்ததும் அதைச் சகிக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் விடியும்போது போய்விட்டாள். மகள் சொன்ன 'நாளைக்கு' அதுதான். வந்தாள், நின்றாள்.

காரியமெல்லாம் முடிந்து நான் தொட்டிக்குத் திரும்பியபோது பட்டாளத்தார் பக்கத்தில் வந்து நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அவங்க கூப்பிட்டது என் காதுல விழுந்துச்சுங்க" என்றார். "ரெண்டு நாளும். சோதிக்கிறாங்கன்னு நெனச்சேன். பாஸாயிட்டேன்னு நெனச்சேன்."

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. "பாஸ்தான்" என்றேன். "சரியான ஆளுன்னுதான் சொன்னாங்க." அவர் குழாயைத் திறந்து, கழுவிய கையையே மறுபடி கழுவினார்.

மன்றத்தில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். சிரிப்புக்காரிகூட வந்திருந்தாள், தலை நரைத்து, கடைசி வரிசையில். தலைவர் நிறையப் பேசினார். சமையலறையிலிருந்த கண்ணாடிச் சட்டத்தையும் படத்தையும் கூடத்துக்குக் கொண்டுவந்து, துடைத்துப் பளபளவென்று மாட்டி, படத்துக்குக் கீழே அந்தப் புகழ் வரிகளையும் சேர்த்திருந்தார்கள். நான்கு விதிகளும் அப்படியே இருந்தன. அன்று மத்தியானமும் எல்லாக் கேரியர்களும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கைப்பிடிகளில் மாட்டியவை மாட்டியபடியே இருந்தன.

"அம்மாவுக்கு மரியாதையா எல்லாரும் எழுந்து நிப்போம்" என்றார் தலைவர்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். மகன், மகள், பட்டாளத்தார், மொத்தக் கூடமும். நாற்காலிகள் நகரும் சத்தம் அடங்கியது. நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் நின்றவர் என் தோளைத் தொட்டார். முன்வரிசையிலிருந்து தலைவர் என்னைப் பார்த்து, எழுந்திருங்கள் என்று கையைக் காட்டினார். இரண்டு முறை காட்டினார்.

அக்கா படத்துக்கு எதிரில் நான் உட்கார்ந்தே இருந்தேன்.